நாற்பத்தெட்டாம் இதழ் வரலாமா?

ஏழு மாதம் நாங்கள் இந்த ஒரு கேள்வியைப் பற்றியே பேசினோம்.

தென்னூரில் ஒரு பழைய புத்தகக் கடை. மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, மாலை நான்கு மணிக்கு, பழைய சாகசக் காமிக்ஸ் தொடர் ஒன்றை விட்டுவிட முடியாத ஐந்து பேர் அங்கே கூடுவோம். கடைக்காரர் பாய். உப்பிலியபுரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிற மரவள்ளி விவசாயி. துவாக்குடியில் பாடம் நடத்தும் பேராசிரியர். நான்காவது ஆள் நான், வயது எழுபத்தாறு. ஐந்தாவது என் தம்பி, என்னைவிட மூன்று வயது இளையவன். நான் வாசலை ஒட்டி உட்காருவேன், அவன் உள்ளே அலமாரியை ஒட்டி. நடுவில் மூன்று நாற்காலிகள்.

எங்களுக்குள் பத்தொன்பது வருடமாகப் பேச்சில்லை.

அந்தத் தொடரில் மொத்தம் நாற்பத்தேழு இதழ்கள். ஒவ்வொன்றும் அறுபத்து நான்கு பக்கம். மலையேறும் சாகசக்காரன் ஒருவன்தான் கதாநாயகன். நாங்கள் பெயர் சொல்வதில்லை, ‘நம்மாளு’ என்போம். முதல் இதழ் வந்தபோது எனக்கு இருபத்தெட்டு வயது. ஸ்ரீரங்கத்து வீட்டு மாடியில் நானும் தம்பியும் குப்புறப் படுத்துக்கொண்டு, புத்தகத்தை நடுவில் வைத்துப் படிப்போம். அவன் வேகமாகப் படித்துவிடுவான். ஆனால் நான் தலையசைக்கும் வரை பக்கத்தைப் புரட்டமாட்டான். ஒரு பக்கத்தில் எத்தனை கட்டம், கதாநாயகன் பையில் எத்தனை ஆணி என்று நான் எண்ணி முடிக்க வேண்டும் என்பது அவனுக்குத் தெரியும். ரயில்வே யார்டில் வேகன்களின் எண்களைக் குறித்துக்கொள்கிற வேலையில் சேர்ந்தவன் நான். எண்ணாமல் எதையும் பார்க்க வராது.

நாற்பத்தேழாம் இதழின் கடைசிக் கட்டத்தில் நம்மாளு பள்ளத்தாக்கின் மேல் ஒரு கயிற்றில் தொங்குகிறான். ஏழு புரிக் கயிறு. நாலு புரி அறுந்துவிட்டது. கீழே ‘தொடரும்’ என்று போட்டிருந்தது. தொடரவில்லை. படம் வரைந்தவர் காலமாகிவிட்டார். அப்போது எனக்கு நாற்பத்து மூன்று வயது.

அதன்பின் பதினான்கு வருடம் கழித்து வீட்டைப் பிரித்தோம். பின்கட்டு யாருக்கு என்பதில் இருவரும் சொல்லக்கூடாததைச் சொல்லிக்கொண்டோம். அவன் சொன்னது ஆறு வாக்கியம், நான் சொன்னது பதினொன்று. மத்தியஸ்தம் செய்ய வந்த மாமா, பாத்திரம் பண்டம் எல்லாவற்றையும் பிரித்து முடித்து, கடைசியில் காமிக்ஸ் அலமாரிக்கு வந்தார். அவருக்கு அது என்னவென்றே தெரியாது. வரிசையாக எடுத்து, “இது பெரியவனுக்கு, இது சின்னவனுக்கு” என்று ஒன்று மாற்றி ஒன்று அடுக்கினார். ஒற்றைப்படை இதழ்கள் இருபத்து நான்கு எனக்கு வந்தன, இரட்டைப்படை இருபத்து மூன்று அவனுக்கு. இரண்டு இதழ்களில் முடிகிற கதைகள் பதினொன்று உண்டு. அத்தனையும் பாதி பாதியாயின. “மாமா, அப்படிப் பிரிக்காதீங்கோ” என்று அவன் சொல்வான் என்று நான் காத்திருந்தேன். நான் சொல்வேன் என்று அவனும் காத்திருந்திருப்பான். மாமா இரண்டு அடுக்கையும் சணலால் கட்டி முடித்துவிட்டார்.

அவன் தென்னூருக்குக் குடிபோனான். நான் ஸ்ரீரங்கத்திலேயே இருந்தேன். ஆறு வருடத்துக்கு முன் என் மனைவி போன பிறகு, பொழுது போகாமல் பாய் கடைக்கு வந்தேன். உள்ளே தம்பி உட்கார்ந்திருந்தான். திரும்பிப் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் பாய் நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டார்.

நாற்பத்தெட்டு வரப்போகிறது என்ற அறிவிப்பைப் பேராசிரியர்தான் போனில் காட்டினார். புது ஓவியர். அட்டையில் நம்மாளுக்குத் தலை நரைத்திருந்தது.

“முப்பத்து மூணு வருசமா ஒருத்தன் கயித்துல தொங்குவானாங்க?” என்றார் விவசாயி. “எங்க பச்சமலைப் பலாப்பழம்கூட பழுத்தா விழுந்துரும்.”

“கதைக்குள்ள வருஷம் ஓடாது சார்” என்றார் பேராசிரியர்.

“அப்ப தலை மட்டும் எப்புடி நரைச்சுச்சு? பயத்துலயா?”

நான் பாய் பக்கம் திரும்பினேன். “பாய், இது தேறாது. வரைஞ்சவர் கை போயிடுத்து. இத்தனை வருஷம் கழிச்சு வேற ஆளை விட்டு இழுத்தா, அது வேற ஆளாத்தான் இருக்கும். ஏழு புரின்னுகூட இவங்களுக்குத் தெரியாது. தாம்புக்கயிறு மாதிரி போட்டு வைப்பாங்க.”

அலமாரிப் பக்கமிருந்து தம்பியின் குரல் வந்தது. “பாய், அவர்கிட்ட சொல்லுங்கோ. ஆசைப்பட்டு வரையறவன் எண்ணாம வரையமாட்டான். எண்றது அவர் ஒருத்தர்தான்னு நினைச்சிண்டிருக்கார்.”

“பாய், அவர்கிட்ட சொல்லுங்க. ஆசை இருந்தா மட்டும் கை வந்துடாது.”

“பாய், ஒண்ணு கேளுங்கோ. முடியாமலே கிடக்கறது அவருக்குப் பிடிச்சிருக்கா?”

பாய் இரண்டு கையையும் தூக்கினார். “யா அல்லா! நான் புத்தகக் கடை வச்சிருக்கேனா, தபாலாபீஸ் வச்சிருக்கேனா? ரெண்டு பேரும் எட்டடியில உக்காந்திருக்கீங்க!”

எல்லாரும் சிரித்தார்கள். விவசாயிக்கு எங்கள் பாகப்பிரிவினைக் கதை தெரியும். “நாப்பத்தெட்டு இரட்டைப்படைங்க. மாமா கணக்குப்படி அது தம்பி பங்கு. அண்ணனுக்கு அதைப் பத்திக் கருத்துச் சொல்லவே உரிமை இல்லீங்க” என்றார். தம்பியும் சிரித்தான். நான் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு சிரித்தேன்.

அந்த ஏழு மாதமும் அப்படித்தான் போயிற்று. நாற்பத்தெட்டு தேறாது என்பதற்கு ஒவ்வொரு கூட்டத்துக்கும் புதிதாக மூன்று காரணங்களாவது கொண்டுபோவேன். பஸ்ஸில் போகும்போது அவற்றை ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்வேன். அவன் என்ன பதில் சொல்வான் என்றும் யோசிப்பேன். பாதி நாள் அதையேதான் சொல்வான். அதற்கு முந்தைய ஐந்து வருடமும் ஒருவர் இருப்பதே இன்னொருவருக்குத் தெரியாத மாதிரி உட்கார்ந்திருந்தோம். இப்போது மாதத்துக்கு ஒரு மணி நேரமாவது பாய் மூலமாகச் சண்டை போட்டோம். உள்ளபடி சொன்னால், அந்த இதழ் நன்றாக வந்துவிடுமோ என்றுதான் எனக்குப் பயம். வந்துவிட்டால் வாதம் முடிந்துவிடும்.

ஏழாவது கூட்டத்தில் பாய், வியாழக்கிழமை பார்சல் வந்துவிடும் என்றார். எல்லாரும் எழுந்துகொண்டிருந்தோம். மழை வருமோ, பஸ் கிடைக்குமோ என்று நான் குடையைத் தேடிக்கொண்டிருந்தேன். தம்பி அலமாரிப் பக்கத்திலிருந்து நடந்து வந்து என் எதிரில் நின்றான். பக்கத்தில் பார்த்தபோது, அவன் சட்டைக் காலர் கழுத்துக்குப் பெரியதாக இருந்தது.

“அண்ணா” என்றான். “வர ஞாயித்துக்கிழமை ஆத்துக்கு வாயேன். நாப்பத்தேழை எடுத்துண்டு வா. சேர்த்து வாசிச்சுடலாம்.”

நான் பாயைப் பார்த்துத் திரும்பினேன்.

“அவர்கிட்ட சொல்லுங்க பாய், முதல்ல புத்தகம் வரட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்னு.”

வேண்டுமென்று செய்யவில்லை. ஏழு மாதத்தில் கழுத்து தானாகப் பாய் பக்கம் திரும்பப் பழகிவிட்டது. சொல்லி முடித்த பிறகுதான் நான் செய்தது எனக்கே தெரிந்தது.

“சார், அவரு உங்ககிட்ட நேராவே கேக்குறாரு சார்” என்றார் பாய். பேராசிரியர் சிரித்தார். விவசாயி சிரித்தார். தம்பியும் அவர்களோடு சேர்ந்து சிரித்துவிட்டு, “சரி பாய்” என்று அவரிடம் சொல்லிவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு போனான். அது கேலி பேசுகிற சபையாகவே ஏழு மாதம் இருந்ததால், அதையும் ஒரு கேலியாகவே எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். அவனும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருப்பான் என்று பஸ்ஸில் எனக்கு நானே நான்கு முறை சொல்லிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை போய் என் பிரதியை வாங்கினேன். “தம்பி நேத்தே வாங்கிட்டுப் போயிட்டாருங்க. அண்ணன் வந்தாரான்னு கேட்டாரு” என்றார் பாய். வீட்டுக்கு வந்து கண்ணாடியைத் துடைத்து முதல் பக்கத்தைப் பார்த்தேன். கயிறு. ஏழு புரி. நாலு அறுந்திருந்தது, மூன்று தாங்கிக்கொண்டிருந்தது. அறுந்த நாலும் முன்பு எந்தப் பக்கம் தொங்கினவோ அதே பக்கம் தொங்கின. பழைய இதழை எடுத்து வைத்துப் பார்த்தேன். ஒன்றுகூடத் தப்பவில்லை. நம்மாளு நரைத்த தலையோடு மேலே ஏறி வந்தான். மூச்சு வாங்க உட்கார்ந்தான். நன்றாக இருந்தது. தம்பி சொன்னதுதான் சரி.

ஞாயிற்றுக்கிழமை காலை குளித்து, வேஷ்டி மாற்றி, நாற்பத்தேழைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் போனேன். முதல் பஸ்ஸில் கூட்டம். இரண்டாவது பஸ் வந்தபோது, அவன் மறுபடி கூப்பிடவில்லையே என்று தோன்றியது. மூன்றாவது பஸ் வந்தபோது, அவன் மனைவி என்ன நினைப்பாளோ என்று தோன்றியது. ஐந்து பஸ்களை விட்டேன். மூன்று வாரத்தில் கூட்டம் இருக்கிறது, அங்கே எல்லார் முன்னாலும் அவன் முகத்தைப் பார்த்து, ‘நீ சொன்னது சரிடா’ என்று நேராகவே சொல்லிவிடலாம், அதுதான் நியாயம் என்று தீர்மானித்துத் திரும்பி வந்துவிட்டேன்.

அதற்கு மூன்றாம் நாள், புதன்கிழமை காலையில் போன் வந்தது. பாய்தான் பேசினார். “சார், உக்காந்துக்கங்க சார்” என்றார். தூக்கத்திலேயே போய்விட்டானாம். இருதயத்தில் கோளாறு இருந்ததும், ஆறு மாதமாக மாத்திரை சாப்பிட்டு வந்ததும் பாய்க்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியவில்லை. இதைச் சொல்லவும் பாய்தான் வேண்டியிருந்தது.

சுடுகாட்டோடு திரும்பி வந்து, பத்து நாள் தீட்டுக் காத்தேன். பேச்சில்லாவிட்டாலும் பங்காளிக்குத் தீட்டு உண்டு. பதின்மூன்றாம் நாள் தென்னூர் வீட்டுக்குப் போனேன். அவன் பிள்ளை வாசலுக்கு வந்து, “வாங்கோ பெரியப்பா” என்று மரியாதையாகச் சொல்லி நாற்காலி போட்டான். பத்தொன்பது வருடத்தில் அந்த வீட்டுக்குள் நான் வைத்த முதல் அடி. எல்லாரும் சாப்பிட்டுக் கிளம்பிய பிறகு தம்பி மனைவி வந்து தரையில் உட்கார்ந்தாள். அவளும் என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள்.

“அன்னிக்குக் கடையிலேர்ந்து வந்து, அண்ணாவைக் கேட்டுட்டேன்னார்” என்றாள். “என்ன சொன்னார்னு கேட்டேன். ‘வரேன்னு சொல்லிட்டான்’னார். அப்படி ஒரு சந்தோஷம் அவருக்கு. ஞாயித்துக்கிழமை தளிகை பண்ணி வெச்சுண்டு ரெண்டு மணி வரைக்கும் பார்த்தோம். அந்தப் புஸ்தகத்தோட கவரைக்கூட அவர் பிரிக்கலை. நீங்க வந்தப்புறந்தான் பிரிக்கணும்னு சொல்லிட்டார். அப்படியே இருக்கு.”

அவன் அவளிடம் பொய் சொல்லியிருக்கிறான். எனக்காகச் சொல்லியிருக்கிறான்.

“வரேன்னுட்டு ஏன் வரலை அண்ணா?” என்று கேட்டாள். குற்றம் சாட்டவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

வரேன் என்று நான் சொல்லவே இல்லை என்றால் அவன் பொய்யனாகிவிடுவான். “வரத்தான் கிளம்பினேன்” என்றேன். “ஜுரம் வந்துடுத்தும்மா.”

அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“ஐயோ, தெரியாமப் போச்சே” என்றாள். “இப்ப தேவலையா?”

தேவலை என்றேன்.