பிளாஸ்க்கில் கொண்டுபோன குடிநீர்

மகளின் கண்ணில் மஞ்சள் படர்ந்திருந்ததை நான் முதலில் கண்டது லண்டன் ஹரோவில், எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னலோரம். பல்கலைக்கழகத்துக்குப் போகும் அவசரத்தில் அவள் நின்றபடியே பாண் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். வெயில் முகத்தில் பட்டது. அறை வெளிச்சத்தில் அது தெரிந்திருக்காது.

அதற்கு முன் மாதக்கணக்காக எங்கள் வீட்டில் வயிற்றுப் பேச்சுத்தான். எதைச் சாப்பிட்டாலும் அவளுக்கு வயிறு ஊதும், பிறகு முறுக்கி வலிக்கும். குடும்ப டாக்டர் இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுப் பயப்பட ஒன்றுமில்லை என்றார். குடல் டாக்டரின் திகதிக்குக் காத்திருக்கச் சொன்னார். காத்திருந்த காலத்தில் பிள்ளை இடியப்பத்தைக் கண்டாலே பயந்தாள்.

அப்போதுதான் கடைத்தெருவில் இருந்த சீன மூலிகை வைத்தியசாலைக்கு அவளைக் கூட்டிப்போனேன். அங்கிருந்த பெண் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார், இரண்டு கைகளிலும் நாடி பிடித்தார், சின்னச் சின்ன லாச்சிகளை இழுத்துத் திறந்து வேரும் பட்டையும் நிறுத்துக் கடதாசிப் பைகளில் தந்தார். ஒரு பையைத் திறந்து முகர்ந்தேன். காய்ந்த தோடம்பழத் தோல், இஞ்சி, அதிமதுரம். மற்றவை என்னவென்று தெரியவில்லை. தெரிந்த மூன்றும் எனக்குப் போதுமாயிருந்தன.

முதல் நாள் அவற்றை அவித்துக் குடிநீர் காய்ச்சியபோது என் கணவர் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார்.

"என்னப்பா, பழைய சப்பாத்தையோ அவிக்கிறீர்?"

"நீங்கள் காலிலை போடுற சப்பாத்தெண்டால் அயலட்டைச் சனமெல்லாம் ஓடியிருக்கும்."

மகள் சிரித்துக்கொண்டே குடித்தாள். சில வாரங்களில் வலி குறைந்தது. ஒருநாள் தானாகவே இன்னும் கொஞ்சம் சோறு கேட்டாள். தேவாலயத்தில் மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்தேன்.

அதன் பிறகுதான் அந்த மஞ்சள்.

அவசர சிகிச்சைப் பிரிவில் டாக்டர் கேட்டார்: ஏதாவது மருந்து எடுக்கிறீர்களா? இல்லை என்றாள் மகள். நானும் பக்கத்தில் இருந்து தலையாட்டினேன். ஒளிக்க வேண்டுமென்று இருவரும் நினைக்கவில்லை. தடிமன் சளிக்கு மல்லி, செமியாவிட்டால் ஓமம் என்று வீட்டில் அவித்துக் குடிப்பதை நாங்கள் ஒருபோதும் மருந்தாக எண்ணியதில்லை. மருந்து என்றால் அது பார்மசியில் வாங்குவது.

ஈரல் கடுமையாகப் பாதிக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லி அவளை வார்டில் சேர்த்தார்கள். ஈரல் வேலை செய்யாமல் போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். டாக்டர் ரிப்போர்ட்டைத் திரும்ப ஒருமுறை புரட்டினார்.

மறுநாள் மத்தியானம் சோறும் ரசமும் கொண்டுபோனேன். கூடவே பிளாஸ்க்கில் அந்தக் குடிநீரையும். ஆஸ்பத்திரியில் கிடந்தாலும் அது தவறக்கூடாது என்பது என் எண்ணம். மூடியில் ஊற்றி அவளிடம் நீட்டியபோது, பிரஷர் பார்க்க வந்த தாதியின் மூக்குச் சுருங்கியது.

அது என்ன என்று கேட்டார். வயிற்றுக்கான மூலிகை என்றேன். அவர் சட்டென்று மூடியின் மேல் கையை வைத்து மறித்தார்.

மகள் என்னைப் பார்த்தாள். "அம்மா... நேற்று டாக்டர் மருந்தெண்டு கேட்டது இதையுமோ?"

மூடியில் இருந்ததைத் திரும்பப் பிளாஸ்க்குக்குள் ஊற்றினேன்.

கணவர் வீட்டுக்கு ஓடிப்போய்ப் பைகளை எடுத்துவந்தார். இதனால் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், நிறுத்திவிட்டுப் பார்ப்போம் என்றார் டாக்டர். ஒவ்வொரு இரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரையும் நான் அவளுடைய பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மெல்ல மெல்ல ஈரல் தேறியது. வீட்டுக்கு விட்டார்கள். இனி எதைக் குடித்தாலும் முதலில் கேட்கச் சொன்னார்கள்.

குடல் டாக்டரின் திகதி இன்னும் வரவில்லை. நேற்றுச் சாப்பாட்டு மேசையில் அவள் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவைத்தாள். ஒரு கை மேசைக்குக் கீழே போனது.

"நோகுதோ பிள்ளை?"

"இல்லையம்மா."

"பொய் சொல்லாதை."

"கொஞ்சம் ஊதுது. நீங்கள் ஒண்டும் தர வேண்டாம், ப்ளீஸ்."

ஒத்தடத்துக்கு ரப்பர் பையை எடுத்து, கேத்திலில் தண்ணீர் கொதிக்க வைத்தேன். திரும்பினால் அவள் கதவடியில் நிற்கிறாள். கண் கேத்திலின் மேல் இருந்தது.

"வெறுந்தண்ணி, பிள்ளை," என்றேன்.

அவள் கிட்ட வந்து, மூடியைத் திறந்து பார்த்தாள்.