கேசட்டை நிறுத்திக் கேள்வி கேட்டவர்

ஞானசெல்வம் டீச்சர் இறந்த செய்தி போன வியாழக்கிழமை இரண்டாம் பீரியடில் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அவருடைய தங்கை பள்ளிக்குப் போன் செய்திருந்தார். அலுவலகத்தில் துண்டுச் சீட்டில் எழுதி அனுப்பினார்கள். படித்துவிட்டுச் சீட்டை மடித்துப் பாடப் புத்தகத்துக்குள் வைத்தேன்.

எண்பதுகளின் நடுவில் ராஜபாளையத்தில் எங்கள் பெண்கள் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாகச் சேர்ந்தேன். எட்டாம் வகுப்பில் அறுபது பிள்ளைகள். முதல் வாரமே கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போயிற்று. அடுத்த அறையில் பாடம் நடத்திய ஞானசெல்வம் டீச்சர் ஒரு மாலை என்னிடம் சொன்னார்: "நீ கத்துனா அதுகளும் கத்தும். பேச்ச நிறுத்திட்டு ஒரு பிள்ளைகிட்ட கேள்வி கேளு. அவ என்ன சொல்லப் போறான்னு அம்புட்டுப் பேரும் பாக்கும்." மறுநாளே வகுப்பு என் கைக்கு வந்தது.

சில ஆண்டுகளில் பள்ளிக்கு டிவியும் வீடியோவும் வந்தன. இரண்டு வகுப்புகளை ஒரே ஹாலில் உட்காரவைத்துப் பாட கேசட்டைப் போட்டால் போதும் என்றார் தாளாளர். டீச்சர் அந்தக் கருவியைக் கண்டு முகம் சுளிக்கவில்லை. இதயம் துடிப்பதைத் திரையில் பார்த்து, "இத நான் போர்டுல வரைஞ்சு காட்ட முடியுமா!" என்று பிள்ளைகளோடு சேர்ந்து வியந்தார். ஆனால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேசட்டை நிறுத்துவார். கடைசி வரிசைக்குப் போய் யாராவது ஒருத்தியிடம், "ரத்தம் இப்ப எங்கிட்டுப் போகுது, சொல்லு" என்பார். அவள் சொன்ன பிறகுதான் படம் ஓடும்.

ஆசிரியர் கூட்டத்தில் தாளாளர் கேட்டார்: "கேசட்டுதான் பாடம் நடத்துதே, நீங்க எதுக்கு நிறுத்துதீங்க?"

"புரியாத பிள்ளையோட முகம் அதுக்குத் தெரியாதுல்லய்யா. எனக்குத் தெரியுது."

"மத்த டீச்சர்மார் யாருக்காவது இந்தச் சங்கடம் இருக்கா?"

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் குனிந்துகொண்டேன். என் வேலை அப்போது நிரந்தரமாகியிருக்கவில்லை.

அடுத்த மாதம் அவருடைய வகுப்புகள் எனக்கு வந்தன. புதிதாகத் திறந்த கம்ப்யூட்டர் அறையில் பிள்ளைகள் பேசாமல் பார்த்துக்கொள்வது மட்டும் அவர் வேலையாயிற்று. ஓராண்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பிறகு ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

ஒருமுறை ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்ததும், "பிள்ளைக கேள்வி கேக்குதுகளா?" என்றார்.

"கேக்குதுக, அக்கா."

பொய். என் வகுப்பில் யாரும் வாய் திறப்பதில்லை.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் பள்ளியின் சார்பாக என்னைப் பேசச் சொன்னார்கள். தாளாளர் முன்னால் நின்றுகொண்டிருந்தார். "டீச்சர் ரொம்ப நல்லவங்க" என்றேன். சொல்லிவிட்டுப் பின்னால் நகர்ந்தேன். பெட்டியை இறக்கினார்கள். மண் விழும் சத்தத்துக்கு நடுவே தாளாளர் என் பக்கம் சாய்ந்து, "சுருக்கமாப் பேசுனீங்க, நல்லது" என்றார்.

அங்கே சொல்ல வேண்டியதை இங்கே எழுதியிருக்கிறேன், அக்கா. இனி இது உங்களுக்கு எந்த வகையிலும் உதவாது. விடை கொடுங்கள்.