கண்ணுக்குப் பயந்து கோவளம் வரை கடல்வழி

1972, தை மாதத்து இரண்டாம் வெள்ளி. காலை ஒன்பது மணிக்குத் துறைமுகத்திலிருந்து புறப்பட்டோம். ராகு காலத்துக்கு முன் கரையை விட்டாக வேண்டும் என்பது என் மனைவியின் உத்தரவு. கோவளம் இருபத்து நான்கு மைல். பாரிமுனையில் பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரம். பஸ் ஆகாது என்றான் என் மைத்துனன் ரகு.

காரணம், மெட்ராஸ் ஐ. தேசம் தேசமாகப் பரவி வந்த அந்தக் கண் நோய் மயிலாப்பூரில் வீடு தப்பாமல் புகுந்திருந்தது. ரகுவோ கோவளத்துக்குப் பெண் பார்க்கப் போகிறான். முப்பத்து மூன்று வயது. நான்கு வரன் தட்டிப் போயிருந்தது. வீட்டில் கைக்குழந்தை இருப்பதால், கண் சிவந்த எவரும் படியேறக் கூடாது என்று பெண்ணின் தகப்பனார் முன்கூட்டியே சொல்லியனுப்பியிருந்தார். ஐந்து மணிக்குள் வரவேண்டும் என்றும் சொல்லியிருந்தார். மறுநாள் இன்னொரு வரன் வருகிறதாம்.

"பஸ்ல அம்பது ஜோடிக் கண்ணு, அத்திம்பேர். கடல்ல யார் இருக்கா?" என்றான் ரகு. ஊர் திரும்பிய வெள்ளைக்காரர் ஒருவரிடம் வாங்கிய பதினெட்டடிப் பாய்மரப் படகு அவனிடம் இருந்தது. அதை 'யாட்' என்றுதான் சொல்ல வேண்டும். படகு என்றால் முகம் கோணும்.

கடலில் ஏழுமலை இருந்தார். பாய் ஏற்றி இறக்கத் துணைக்கு வந்த பட்டினப்பாக்கத்துக்காரர். சாந்தோம் கோபுரம் பின்னால் போன பிறகுதான் முண்டாசை நெற்றிக்கு மேலே தள்ளினார். இரண்டு கண்ணும் செம்பருத்தி.

"என்னய்யா இது! முன்னாடியே சொல்லப்படாதோ?" என்று ரகு அலறினான்.

"நீ எங்க சார் கேட்ட? பாய் இஸ்த்துக் கட்டத் தெரியுமான்னுதான கேட்ட."

பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்று அப்போது ஊரே நம்பியது. ரகு பையிலிருந்து இரண்டு கறுப்புக் கண்ணாடி எடுத்து ஒன்றை எனக்குக் கொடுத்தான். ஏழுமலையைப் படகின் முன்முனையில் உட்கார வைத்தான். நாங்கள் அந்தப் பக்கம் திரும்பவே கூடாது என்றான். ஆக, வாடைக்காற்று தெற்கே தள்ளிக்கொண்டு போகும் படகில் சுக்கான் பிடித்தவன் வடக்கே பார்த்து உட்கார்ந்திருந்தான்.

"ஒரு தடவை முன்னால பாரேன்டா!"

"நீங்க வேணா பாருங்கோ. உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுத்து."

இரண்டரை மணி. கோவளத்து மாதா கோயில் தெரிந்தது. ஏழுமலை எழுந்து எங்கள் பக்கம் திரும்பிக் கையை ஆட்டினார்.

"சார், வலை கீது சார்! திருப்பு! இங்க பாரு சார்!"

ரகு கண்ணை இறுக மூடிக்கொண்டான். வலை சுக்கானைச் சுற்றிக்கொண்டது. கட்டுமரத்தில் வந்த வலைக்காரர் சொன்னவற்றை இங்கே எழுதுவதற்கில்லை. ஏழுமலை தண்ணீரில் குதித்து வலையைப் பிரித்து முடிக்க இரண்டு மணி நேரமாயிற்று. அவர் பிடித்த கயிற்றைத்தான் நாங்களும் பிடித்தோம். அவர் துண்டிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டோம். அவர் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

ஐந்துக்குச் சற்று முன், மீன் வாடையோடு பெண் வீட்டு வாசலை அடைந்தோம். தகப்பனார் எங்கள் கறுப்புக் கண்ணாடிகளைப் பார்த்தார்.

"அங்கேயே நில்லுங்கோ! சொல்லியனுப்பினேனே!"

"மாமா, இது வராம இருக்கறதுக்குப் போட்டுண்டது," என்றான் ரகு.

"வந்தவாதான் போட்டுப்பா. காபி வாசலுக்கே வரும். குடிச்சுட்டுக் கிளம்புங்கோ."

காபியைக் கொண்டுவந்தவள் பெண்தான், வசந்தா. ரகு பழக்க தோஷத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டான். எனக்கு அவனை அறையலாம் போலிருந்தது.

"கண்ணாடியைக் கழட்டுங்கோ," என்றாள் அவள். "பொண்ணு பாக்கத்தானே வந்திருக்கேள்?"

கழற்றினான். வசந்தா அவன் கண்களை நேராக, நிதானமாகப் பார்த்தாள்.

"வெள்ளையாத்தான் இருக்குப்பா. உள்ளே வரட்டும்."

படகை ஏழுமலையிடம் விட்டுவிட்டுப் பஸ்ஸில் திரும்பினோம். வண்டி நிறைய ஆட்கள்; சிவந்த கண் ஒன்றுகூட இல்லை. ரகு கண்ணாடி இல்லாமல், வழியெல்லாம் தானாகச் சிரித்துக்கொண்டு வந்தான்.

ஞாயிறு காலை எங்கள் இருவருக்கும் இமை ஒட்டிக்கொண்டு திறக்கவில்லை. கோவளத்தில் யாருக்கும் வரவில்லை. பங்குனியில் கல்யாணம் நடந்தது.

நோய் பஸ்ஸில்தான் ஒட்டிக்கொண்டது என்று ரகு இன்றைக்கும் சாதிக்கிறான்.