அம்மா தலையில் அடித்த சத்தியம்

ஜெயக்கொடியின் கைகள் மிளகாய் வத்தல் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தன. சிம்மக்கல் மொத்தக் கடையிலிருந்து மூட்டையாக வீட்டுக்கு வரும். கிள்ளிச் சுத்தம் செய்து திருப்பிக் கொடுக்க வேண்டும். பன்னிரண்டாவது படிக்கும் மகள் திவ்யா எதிரே வந்து உட்கார்ந்தாள்.

“அம்மா, உன் தூக்க மாத்திரையை நாந்தான் எடுத்தேன். இப்ப கடையிலயும் வாங்குறேன். அது இல்லாம இருக்க முடியல. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போம்மா.”

கிள்ளுவது நிற்கவில்லை. “எம்புட்டு நாளா?”

“அப்பா போனதுலருந்து.”

கணவன் முத்துப்பாண்டி இறந்தபோது ஜெயக்கொடிக்கு எழுதிக் கொடுத்த மாத்திரை அது. அவள் சீக்கிரமே விட்டுவிட்டாள். மிச்சத்தை மகள் எடுத்துப் பழகினாள். தீர்ந்த பிறகு பழைய சீட்டைக் காட்டி வாங்கினாள்; மருந்துக்கடையில் யாரும் எதுவும் கேட்கவில்லை.

இந்தப் பழக்கத்தில் விழுந்த பிள்ளை தானாக வந்து உதவி கேட்பது அபூர்வம். அப்போதே கூட்டிப் போயிருக்க வேண்டும். ஜெயக்கொடி பேரையூரில் இருக்கும் அண்ணன் மொக்கையனுக்குப் போன் போட்டாள்.

“ஆஸ்பத்திரின்னு வெளிய தெரிஞ்சா நாளைக்கு எவன் கட்டுவான்? இங்க கூட்டிட்டு வா. கருப்பசாமி கோயில்ல சத்தியம் பண்ண வச்சுக் கயிறு கட்டிருவோம். பெரியப்பன் மகன் குடியவே விட்டான்ல?”

பேரையூர்க் கோயிலில் பூசாரி சிரித்தே விட்டார். “பொம்பளப் புள்ளைக்கா? குடிகாரப் பயலுகளுக்குத்தான் கட்டிருக்கேன். என்ன பாப்பா, கோட்டரா, ஆஃபா?”

திவ்யா தலை நிமிரவில்லை. இனி எந்த மாத்திரையும் வாயில் வைப்பதில்லை என்று சூடத்தின் முன் சொன்னாள். ஜெயக்கொடிக்கு அது போதவில்லை.

“என் தலையில அடிச்சுச் சொல்லு. மீறுனா எங்கம்மா உசுரோட இருக்காதுன்னு சொல்லு.”

சொன்னாள். பூசாரி மணிக்கட்டில் கயிறு கட்டினார். சொன்னபடியே ஒரேயடியாக நிறுத்தினாள். கை நடுங்கியது, தூக்கம் அடியோடு போனது. சில நாளில் வலிப்பு வந்தது. அக்கம்பக்கத்தார் வலிப்பு நிற்குமென்று அவள் கையில் இரும்புச் சாவியைத் திணித்தார்கள். ஒருக்களித்துப் படுக்கவைக்க யாருக்கும் தோன்றவில்லை. பிறகுதான் ஆட்டோ, ஆஸ்பத்திரி.

“இதை இப்படி நிறுத்தவே கூடாதும்மா,” என்றார் டாக்டர் சாருலதா. “மாத்திரை கொடுத்துத்தான் கொஞ்சம் கொஞ்சமா குறைக்கணும். மாசக்கணக்காகும். இப்போதைக்கு ஊசி போட்டிருக்கோம். வீட்டுக்குப் போனா மாத்திரைதான். இல்லேன்னா மறுபடி வலிப்பு வரும், உயிருக்கே ஆபத்து.”

திவ்யா வாயை இறுக மூடிக்கொண்டாள். “நான் திங்க மாட்டேன். அம்மா செத்துரும்.”

“எனக்கு ஒண்ணும் ஆகாதுடி.”

“அன்னைக்கு நீதான சொல்லச் சொன்ன?”

ஜெயக்கொடி நர்ஸ் ரோகிணியிடம் கத்தரிக்கோல் வாங்கி, மகளின் மணிக்கட்டிலிருந்த கயிற்றை வெட்டினாள். வெட்டும்போது அவள் கையும் நடுங்கியது. அதைத் திவ்யா பார்த்துவிட்டாள்.

“பாரு, உனக்கே பயமா இருக்கு. கயித்த வெட்டிட்ட. சொன்ன சொல்ல எப்படிம்மா வெட்டுவ?”

சாயங்காலம் வந்த மொக்கையன் கயிறில்லாத கையைப் பார்த்துக் கொதித்தார். “சாமிகிட்டயே விளையாடுறியா? அந்தக் கோவந்தான் இது.”

“வலிப்பு கயிறு இருக்கும்போதே வந்துச்சுண்ணே.”

“காலையில வண்டி கொண்டு வாரேன். புள்ளைய நான் கூட்டிட்டுப் போறேன். அவகிட்டயே கேளு.”

திவ்யாவைக் கேட்டார்கள். “மாமா கூடப் போறேன்,” என்றாள். அங்கே யாரும் மாத்திரை தர மாட்டார்கள்.

மறுநாள் காலை மொக்கையன் சொன்னபடி வண்டியோடு வந்தார். ஜெயக்கொடி வார்டு வாசலை மறித்து நின்று, “போயிருண்ணே,” என்றாள். இனி உன் வீட்டுப் படி ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டு அவர் போனார். ஜெயக்கொடி உள்ளே வந்து மாத்திரையை மகளிடம் நீட்டினாள். திவ்யா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். ஜெயக்கொடி மாத்திரையை ரோகிணியிடம் திருப்பிக் கொடுத்து, இன்றைக்கும் ஊசியே போடச் சொன்னாள். பிறகு கட்டிலடியில் இருந்த குடத்தை எடுத்துக்கொண்டு, தண்ணீர் பிடிக்க ஆஸ்பத்திரிக் குழாயடிக்குப் போனாள்.