வியாழக்கிழமை பம்ப்

ஆட்டோமேட்டிக் கியர் மெக்கானிக் வேலை என்பது, தெருவே கல்யாணத்துக்குப் போயிருக்கும்போது ஒற்றை ஆளாக வீட்டுக்குக் காவல் இருப்பது மாதிரி. தொண்ணூறுகளில் புனே பக்கம் அந்த மாதிரி வண்டிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். நான் மஸ்கட்டில் அந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டு, ஆகுர்டியில் ஒரு தகரக் கொட்டகை போட்டு உட்கார்ந்தேன். மனைவியும் மகளும் கோயம்புத்தூரில். மகளின் பள்ளிக்கூடத்தை மாற்ற வேண்டாம் என்று அங்கேயே இருந்துவிட்டார்கள். தனியாகக் கடை வைத்து, ஆறிப்போன டப்பாச் சாப்பாட்டைத் தனியாகத் தின்னும் சகபாவிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தள்ளு, தள்ளு

நம் ஜனங்களுக்கு நடுரோட்டில் நின்ற வண்டியைக் கண்டால் கை சும்மா இருக்காது. சிஞ்ச்வட் ஸ்டேஷன் பக்கம் ஒரு பழைய வெளிநாட்டு வண்டி நின்றுவிட்டது. படகு மாதிரி நீளம், வெண்ணெய் நிறம். தள்ளினால் ஸ்டார்ட் ஆகிவிடும் என்று ஒரு கூட்டமே கூடித் தள்ளியது. அந்த ரக ஆட்டோமேட்டிக்கை இமயமலையிலிருந்து உருட்டிவிட்டாலும் அப்படி ஸ்டார்ட் ஆகாது. தவிர, எஞ்சின் நன்றாக ஓடிக்கொண்டுதான் இருந்தது, சக்கரம்தான் சுற்றவில்லை. தள்ளியவர்களுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டில்லை. உற்சாகமாக என் கொட்டகை வரை தள்ளிக்கொண்டே வந்துவிட்டார்கள்.

ஓட்டி வந்தவர் வசந்தா அம்மா. ஐம்பத்தைந்து வயசுக்கு மேல் இருக்கும், ஸ்கூல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கோளாறை எனக்கு மராட்டியில் விளக்கிக்கொண்டிருந்தார், நானும் தட்டுத்தடுமாறி மராட்டியில் பதில் சொன்னேன். பானெட்டைத் திறக்கும்போது சூடு கையில் பட்டு, "ஐயோ, கருமம்!" என்று வாய்விட்டுவிட்டேன். அந்த அம்மா முகத்தில் அப்படியொரு வெளிச்சம்.

"தமிழா? அதை முதல்லயே சொல்லக்கூடாதா? நான் இவ்வளவு நேரம் மராட்டியில தடவிக்கிட்டுல்லா நிக்கேன்!"

மூன்றாவது பெடல்

கியர்பாக்ஸுக்குள் ஒரு பம்ப் இருக்கிறது. எண்ணெயை உறிஞ்சி அழுத்தம் கொடுப்பது அதுதான். அது போனால் எஞ்சின் எவ்வளவு கத்தினாலும் சக்கரத்துக்குக் காது கேட்காது. இந்த வண்டியை ஏற்கெனவே வேறொரு கடையில், எண்ணெய் ஒழுகுகிறது என்று கியர்பாக்ஸை இறக்கி ஏற்றியிருக்கிறார்கள். அதற்கப்புறம்தான் இந்த வினை. பம்ப் கிடைப்பது கஷ்டம், சாதாரண கியர்பாக்ஸ் மாற்றிக்கொள்வது சுலபம் என்று நானும் ஊரோடு ஒத்துப் பேசினேன். இடதுகாலுக்கு ஒரு கிளட்ச் பெடல்தானே கூடும் என்றேன்.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்து புடவையைக் கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே தூக்கிக் காட்டினார். இடதுகால் சூம்பிப்போயிருந்தது, சின்ன வயசில் வந்த காய்ச்சலாம். கணவர் தேடிப்பிடித்து இந்த வண்டியை வாங்கியதே அதற்காகத்தான். அவரும் போய்ச்சேர்ந்துவிட்டார், பிள்ளைகள் கிடையாது. ஆட்டோரிக்ஷாவில் போகலாமே என்று நான் கேட்டிருக்கக் கூடாது, கேட்டுவிட்டேன்.

"ஆட்டோவில போனா என்னைய யாரோ கொண்டுபோய் இறக்கிவிட்ட மாதிரி இருக்கு. இதுல போனாத்தான் நானே போன மாதிரி இருக்கு."

பேச்சுத் துணை

குர்லாவில் பழைய வண்டி பிரிக்கிற கடை கடையாக ஏறி இறங்கினேன். ஒருவழியாக அதே ரக வண்டி ஒன்று வயிற்றைத் திறந்து கிடந்தது. அதன் பம்ப்பைக் குழந்தையைத் தூக்கி வருவது போல் மடியில் வைத்து ரயிலில் கொண்டுவந்தேன். இது உடைந்தால் இன்னொன்று இல்லை. வசந்தா அம்மாவுக்கு வீட்டு ஜன்னல்தான் உலகம் என்று ஆகிவிடும்.

பழைய பம்ப்பைக் கழற்றிப் பார்த்ததில் விஷயம் புரிந்தது. கியர்பாக்ஸின் வாயில் இட்லிப்பானை மாதிரி ஒரு கன்வெர்ட்டர் உட்கார வேண்டும். அதைச் சுற்றிச் சுற்றி, பம்ப்பின் பல்லில் விழும்வரை பொறுமையாக இருக்க வேண்டும். விழுந்தால் உள்ளே "டொக்" என்று ஒரு சத்தம் வரும். அது வருமுன் அவசரப்பட்டு போல்ட்டை முறுக்கினால் பம்ப் காலி. முன்பு வேலை பார்த்தவர் அதைத்தான் செய்திருந்தார்.

நானோ தனி ஆள். வேலை செய்யும்போது வாய் சும்மா இராது. "வாடா தங்கம், ஒழுங்கா உட்காரு" என்று கியர்பாக்ஸோடு தமிழில் பேசிக்கொண்டே இருப்பேன். பக்கத்தில் தகடு வெட்டும் பிரஸ் ஷாப்பின் ஃபோர்மேன் ஷிண்டே, யாரோ விருந்தாளி வந்திருப்பதாக நினைத்து எட்டிப் பார்த்தார். என்னையும் இரும்பையும் தவிர யாருமில்லை. அவர் இந்தியில் ரொம்ப அக்கறையாகக் கேட்டார்:

"அது தமிழிலேயே பதில் சொல்லுதா, முருகேசன் பாய்?"

சத்தமில்லாத நாள்

ஷிண்டே நல்ல மனிதர், அவர் மெஷின்தான் பொல்லாதது. தகடு வெட்டுகிற அந்த இடியில் என் கொட்டகையின் தகரம்கூட ஆடும். அதற்கு நடுவே "டொக்" எங்கே கேட்க? எங்கள் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு வார விடுமுறை ஞாயிறு அல்ல, வியாழன். அன்றைக்குப் பேட்டையே செத்துக் கிடக்கும். மற்றவர்கள் வீட்டில் இருக்கும் நாள் என்பதால் எனக்கு அந்த நாளைக் கண்டாலே ஆகாது. முதன்முறையாக ஒரு வியாழக்கிழமைக்காகக் காத்திருந்தேன்.

அன்றைக்கு வசந்தா அம்மா ஆட்டோவில் வந்து இறங்கினார், கையில் புளியோதரை. கியர்பாக்ஸை நிமிர்த்தி வைத்து, கன்வெர்ட்டரை மெல்லச் சுற்றினேன். விழவில்லை. திரும்பச் சுற்றினேன். விழவில்லை. என் மூச்சே எனக்கு இடைஞ்சலாக இருந்தது. அவர் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். அந்த ஊரில் நான் எத்தனையோ வருஷம் தனியாகக் காதைத் தீட்டிக்கொண்டு இருந்திருக்கிறேன், இன்னொரு ஆளும் சேர்ந்து கேட்டது அன்றுதான். கை லேசாக இறங்கியது. சத்தம் வந்ததா, ஆசையில் கேட்டதா என்று எனக்கே சந்தேகம். நான் திரும்பிப் பார்ப்பதற்குள் அவர் சொல்லிவிட்டார்:

"விழுந்துட்டு! எனக்குக் கேட்டுது!"

சும்மா

மறுநாள் ஷிண்டேயின் கை உதவியோடு கியர்பாக்ஸை ஏற்றினேன். எண்ணெய் ஊற்றி, கியரை 'டி'யில், அதாவது ஓட்டும் நிலையில் போட்டதும் வண்டி பூனை மாதிரி நகர்ந்தது. "ஒரு ரவுண்டு போயிட்டு வந்துருங்கம்மா, சூட்டோட ஆயில் பார்க்கணும்" என்றேன். போனவர் போனவர்தான். எண்ணெய் அளவு பார்க்கும் குச்சியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றேன். வெயில் சாய்ந்துவிட்டது. எங்கே நின்றுபோனாரோ, எத்தனை பேர் தள்ளுகிறார்களோ என்று ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒருவழியாக அந்த வெண்ணெய் நிறம் முக்கில் திரும்பியது. எங்கேம்மா போனீங்க என்று கோபமாகவே கேட்டுவிட்டேன்.

"எங்கேயும் போகல. சும்மா போனேன். சும்மா போயி எவ்வளவு நாளாச்சு தெரியுமா?"

வாராவாரம்

அதற்கடுத்த வியாழக்கிழமை மறுபடி வந்தார். "ஆயில் பாக்கணும்லா?" என்றார். "பாக்கணுங்க" என்றேன். எஞ்சினை ஓடவிட்டு, சூடாகும்வரை டீ குடித்து, பேசிக்கொண்டிருந்து, பிறகு குச்சியை உருவிப் பார்ப்போம். எண்ணெய் அப்படியே இருக்கும். அதற்கடுத்த வாரமும் வந்தார். இப்படியே வருஷங்கள் ஓடின. மகர்பட்டாவில் கட்டடங்கள் எழும்பின, ரோட்டில் ஆட்டோமேட்டிக் வண்டிகள் பெருகின. அவையெல்லாம் கம்பெனி சர்வீஸுக்குப் போயின. என் கொட்டகைக்கு வந்தது வியாழக்கிழமை மட்டும்தான்.

ஒரு வியாழன் அவருடைய அக்கா மகனும் கூட வந்தான். மகர்பட்டாவில் ஐ.டி. வேலை, புதுசாக ஆட்டோமேட்டிக் வாங்கியிருந்தான். சித்தியைத் தன் ஃப்ளாட்டுக்கே கூட்டிப்போய்விடலாம், இந்த வண்டியை விற்றுவிடலாம் என்பது அவன் எண்ணம். நல்ல பையன், நியாயமான எண்ணம். நான் குச்சியை உருவியபோது அவன் சொன்னான்: "அங்கிள், நான் நெட்ல படிச்சேன். இதை எவ்ரி வீக் செக் பண்ணத் தேவையே இல்ல. லீக் இல்லன்னா மாசக்கணக்கா பார்க்கவே வேணாம்."

அவன் சொன்னது முழுக்க உண்மை. குச்சியைத் துணியில் துடைத்தேன். இனிமேல் வரமாட்டார் என்று நினைத்தபோது, லீவுக்கு வந்துபோன மனைவியையும் மகளையும் ரயிலேற்றிவிட்டு பிளாட்பாரத்தில் நின்ற அதே வெறுமை வந்தது. வசந்தா அம்மா டீ டம்ளரைக் கீழே வைத்தார். என்னைப் பார்க்கவில்லை, அவனைப் பார்த்துத்தான் சொன்னார்:

"நீ படிச்சது உன் வண்டிக்கு. இந்த வண்டிக்கு வாராவாரம் பாக்கணும். நான் விசாரிச்சுட்டேன்."

ஆக, சகபாவிகளே, ஒரு சொட்டுக்கூட ஒழுகாத பம்ப்பை மாட்டிக் கொடுத்துவிட்டு, அதில் எண்ணெய் குறைகிறதா என்று வியாழன் தவறாமல் பார்த்தே காலத்தை ஓட்டியவன், இந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான்.