தம்பியின் வேப்புக்கு நான் அடித்த பெயிண்ட்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் வண்டிகளின் நம்பர் பிளேட்டுதான். எழுத்துக்கும் எழுத்துக்கும் எவ்வளவு இடம் விட வேண்டும் என்பது கைக்குத் தெரியும், ஒரு விஷயத்தை எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்பது தெரியாது. நாலு பேர் நிற்கிற இடத்தில் வாய் திறக்காதவன் தாளில் மட்டும் இவ்வளவு பேசலாமா என்றும் கூச்சமாக இருக்கிறது. சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லாமல் விட்டதைப் பற்றித்தான் எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

சங்கரன்கோவிலில் வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் பைக்குகளுக்கு டச்சப் பெயிண்ட் அடிக்கிறேன். என் தம்பி என்னைவிட நான்கு வயது இளையவன். வளைகுடாவில் டிரைவராக இருந்துவிட்டு வந்து, இப்போது சொந்தமாகக் குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி வைத்துப் புளியங்குடி மார்க்கெட்டிலிருந்து எலுமிச்சை ஏற்றுகிறான். பீடி குடித்துக்கொண்டு வெளிநாடு போனவன் வரும்போது வேப்போடு வந்தான். உள்ளங்கை அளவு இரும்புப் பெட்டி, அதன் தலையில் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி. குப்பியில் ஊற்றுகிற நிகோடின் மருந்து சூடாகி ஆவியாக வரும், அதை இழுப்பான். நம் நாட்டில் அதற்குத் தடை. ஊருக்கு வருகிற சேக்காளிகளிடம் சொல்லி எப்படியோ மருந்து வரவழைத்துவிடுவான்.

புரட்டாசி பிறந்த சமயம் அவனுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஒரு பெட்டி எலுமிச்சையைத் தூக்கி வைத்துவிட்டு வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றானாம். திருநெல்வேலிக்குக் கூட்டிக்கொண்டு போய் நெஞ்சுப் படம் எடுத்தார்கள். பீடியோ வேப்போ, இனி எந்தப் புகையும் உள்ளே போகக் கூடாது, போனால் ஆக்சிஜன் சிலிண்டரோடுதான் வாழ வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மறுநாள் காலை தம்பி மனைவி கொட்டகைக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அத்தான், நான் சொன்னா எம்மேல எரிஞ்சு விழுதாக. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. ஒங்களுக்குத்தான் கொஞ்சம் பயப்படுவாக."

அவன் எனக்குப் பயந்ததாக எனக்கு நினைவில்லை. இருந்தாலும், "சரிம்மா, சொல்லுதேன்" என்றேன்.

எப்படிச் சொல்வது என்று பகல் முழுக்க மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். கோபமாகச் சொல்லிப் பார்த்தேன், தன்மையாகச் சொல்லிப் பார்த்தேன். சாயங்காலம் அவனே வந்தான். நான் வாயைத் திறப்பதற்குள் சட்டைப் பையிலிருந்து அந்தப் பெட்டியை எடுத்து என் கையில் வைத்துவிட்டான்.

"எண்ணே, இதப் பாரு. வேர்வ பட்டுப் பட்டு தோல் உரிஞ்ச ஓணான் மாதிரி ஆயிட்டு. நாலு பேர் முன்னால எடுக்கவே கேவலமா இருக்கு. பைக் டேங்குக்கு அடிப்பியே ஒரு செவப்பு, உள்ள தங்கப்பொடி மின்னுமே, அத அடிச்சுக் குடு."

"டாக்டர்..." என்று ஆரம்பித்தேன்.

"அவர் கெடக்காரு. எத்தன நாள் ஆகும்?"

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. இந்தப் பெட்டி என் கையில் இருக்கும் வரை அவன் இழுக்க முடியாது. வாயால் சொல்ல முடியாததை வேலையால் செய்துவிடலாம். ஒன்றரை நாள் வேலை. "நாலு நாள் ஆகும்" என்றேன்.

பேட்டரியைக் கழற்றி, குப்பியைத் திருகி எடுத்து, சின்னத் திரைக்கும் பட்டனுக்கும் டேப் ஒட்டினேன். பழைய பூச்சு ரப்பர் போலப் பிசுபிசுத்தது. தின்னர் தொட்டுத் துடைத்து, தண்ணீர் விட்டு வாட்டர் பேப்பர் தேய்த்து வெறும் இரும்பைக் கொண்டுவந்தேன். அடிப்பூச்சாகப் பிரைமர் அடித்தேன். நாலாம் நாள் அவன் வந்து கேட்டபோது, பிரைமர் இறுகவில்லை என்றேன். அவன் போனதும் நன்றாக இறுகியிருந்த பிரைமரைத் தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி அடித்தேன். பிறகு சிவப்பு அடித்தேன். அதையும் ஒரு தடவை தேய்த்தேன்.

"கல்யாணப் பொண்ணுக்குக்கூட இத்தன தடவ பவுடர் போட மாட்டாக" என்றாள் என் மனைவி.

தம்பி இரண்டு நாளுக்கு ஒரு முறை வாசலில் வண்டியை நிறுத்தி எட்டிப் பார்ப்பான். "ஏண்ணே, நான் என்ன கோபுரத்துக்கா வெள்ளையடிக்கச் சொன்னேன்? சோப்புக்கட்டி அளவு சாமான்!"

"மேகம் போட்டிருக்குல்லா. காய மாட்டேங்கு."

"மேகமா? மண்ட பொளக்கு வெயிலு!"

சிரித்துக்கொண்டே போய்விடுவான். அவன் முகம் கொஞ்சம் தெளிந்திருப்பது போல எனக்குத் தோன்றியது.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எட்டாம் நாள் வாக்கில் அந்தப் பெட்டி எனக்கே பிடித்துப்போயிற்று. கடைசியாக அடித்த சிவப்பைத் தேய்க்க மனம் வரவில்லை. மெல்லிய பிரஷ்ஷால் ஓரத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு தங்க நிறத்தில் ஒரு கோடு இழுத்தேன். இத்தனை வருடத்தில் எந்த பைக்குக்கும் அப்படி ஒரு கோடு விழுந்ததில்லை. அதன்மேல் பளபளப்புக்கு நிறமில்லாத கிளியர் பூச்சு அடித்துப் பாலீஷும் போட்டேன். எதற்காக நாளைக் கடத்துகிறேன் என்பதே அந்த வேலை ஓடிய இரண்டு நாளும் நினைவில் இல்லை.

பதினாலாம் நாள் ஆயுத பூஜை. காலையிலேயே தம்பி வந்துவிட்டான். வண்டிக்கு மாலை போட்டிருந்தான்.

"இன்னைக்கு நல்ல நாளு. குடுத்துரு."

கிளியர் கண்ணாடி மாதிரி இறுகியிருந்தது. காயவில்லை என்று சொல்ல முடியாது. கம்ப்ரசரையும் ஸ்பிரே கன்னையும் பிரஷ்களையும் கழுவி வரிசையாக வைத்திருந்தேன். அந்த வரிசையில் அதையும் வைத்துவிட்டு, "பூசைல வச்சாச்சுடா. நாளைக்கு எடுத்துக்கோ" என்றேன். எங்கள் வீட்டில் பூஜையில் வைத்த சாமானை மறுநாள் மறுபூஜை முடியும் வரை தொட மாட்டோம்.

"இதுவும் ஆயுதமாண்ணே?" என்று விழுந்து விழுந்து சிரித்தான். சிரிப்பு இருமலாகிவிட்டது. "சரி, சாமி காரியம். காலைல வாரேன்."

என் மனைவி ஒவ்வொன்றாகச் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டே வந்தாள். "ஒங்க தம்பி ஆயுதத்துக்கும் ஒரு பொட்டு" என்று அதற்கும் வைத்தாள்.

சாயங்காலம் தம்பி மனைவி பூஜைக்கு வந்தாள். கற்பூரம் காட்டும்போது கும்பிட்ட கை அப்படியே நின்றுவிட்டது.

"அத்தான், இது அதானே?"

"ஆமாம்மா."

"நான் ஒங்ககிட்ட என்ன கேட்டேன், நீங்க என்ன செஞ்சு வச்சிருக்கீக?"

நான் விவரத்தைச் சொன்னேன். "இங்கன இருந்தா அவன் இழுக்க முடியாதுல்லா. அதான் தேச்சுத் தேச்சு அடிச்சு நாளக் கடத்துனேன்."

அவள் கும்பிட்ட கையை இறக்கினாள்.

"ரெண்டு வாரமா பீடி குடிக்காக அத்தான். தெனமும் ரெண்டு கட்டு. கேட்டா, வேப்பு அண்ணங்கிட்ட பெயிண்டுக்குப் போயிருக்கு, வாரவரைக்கும்தான்னு சொல்லுதாக. ராவெல்லாம் இருமிக் கெடக்காக. அந்தச் சனியன் எப்ப வீட்டுக்குத் திரும்பும்னு நானே வேண்டிக்கிட ஆரம்பிச்சுட்டேன்."

என் மனைவி தட்டைக் கீழே வைத்தாள்.

"அவுககிட்ட ஒரு வார்த்தயாவது சொன்னீகளா அத்தான்?"

"இல்லம்மா."

பொரியும் கடலையும் கட்டிக் கொடுத்தோம். வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

நான் அந்த வரிசையின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். திருப்பிக் கொடுத்தால் அதை இழுப்பான். கொடுக்காவிட்டால் பீடி குடிப்பான். ஒரு சுத்தியலை எடுத்து நொறுக்கிப் போடலாம் என்றுகூட நினைத்தேன். சுத்தியலும் பூஜையில்தான் இருந்தது. அன்றைக்கு எதையும் தொட முடியாது.

மறுநாள் காலை மறுபூஜை முடிந்ததும் தம்பி வந்தான். பொட்டைத் துடைத்து, பேட்டரியைப் போட்டு, குப்பியைத் திருகிக் கொடுத்தேன். கோடு நன்றாக இருக்கிறது என்றான். அவன் மனைவியிடம் சொல்கிறேன் என்றதை அப்போதும் சொல்லவில்லை. அவன் புளியங்குடிக்கு லோடு ஏற்றப் போனான்.