படிப்பவருக்கும் போட்ட பூட்டு

எண்பதுகளின் கடைசியில் சென்னையில் ஒரு சின்ன கம்பெனியில், கம்ப்யூட்டருக்கு உள்ளே ஓடும் ஆதார புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தேன். ஃபைல்களைத் திறந்து மூடும் பகுதி என் தலையில் விழுந்தது. ஒருமுறை இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஒரு ஃபைலில் எழுதி, அது பாழாய்ப்போனது. மேலதிகாரியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அந்தப் பயத்தில் கண்ட இடத்திலெல்லாம் பூட்டுப் போட்டேன். ஒருவர் ஒரு ஃபைலைச் சும்மா படிக்கத் திறந்தாலும், அவர் மூடும்வரை வேறு யாரும் எந்த ஃபைலிலும் எழுத முடியாது. கோழைத்தனம், வேறென்ன.

அந்தப் புரோகிராம் ஓடும் மெஷின் ஒன்று போடியில் ஒரு ஏலக்காய் மண்டிக்குப் போனது. ஒரே மெஷினில் நாலு திரை, நாலு பேர். காலை நேரத்தில் மூன்று திரைகள் அப்படியே நின்றுவிடுகின்றன, வரும் மூட்டைகளைப் பதிய முடியவில்லை என்று புகார் வந்தது. நான் போடிக்குப் பக்கத்தில் தேவாரம் ஊர்க்காரன் என்பதால் என்னையே அனுப்பினார்கள்.

போய்ச் சேர்ந்து அரை மணி நேரத்தில் புரிந்துவிட்டது. நாலாவது திரையில் இருந்தவள் போடிமெட்டுக்கு மேலே ஒரு எஸ்டேட்டிலிருந்து வந்த பெண். ஜீப்பில் காய் கொண்டுவரும் மலைக்காரர்கள் தங்கள் பேரையும் மூட்டை எண்ணையும் கண்ணால் பார்க்காமல் நகரமாட்டார்கள். அவர்களுக்காகப் பட்டியலைக் காலையிலேயே திறந்து வைத்துவிடுவாள். கடைசி ஜீப்பு வரும்வரை மூடமாட்டாள். அதுவரை என் பூட்டு மற்ற மூன்று திரைகளையும் எழுதவிடாது.

"இந்தப் புள்ள என்னத்தையோ அமுக்கிக் கெடுக்குது" என்றார் முதலாளி, அவள் முன்னாலேயே.

அவர் நகர்ந்ததும் அவள் என்னிடம் வந்தாள். "நான் ஒன்னையும் தொடலைண்ணே, சும்மா தொறந்துதான் வச்சிருந்தேன். நீங்களாச்சும் சொல்லுங்க. இந்தச் சோலி போனா மறுபடி காட்டுல காயெடுக்கத்தான் போகணும்."

சொல்லியிருக்கலாம். தப்பு என்னுடையது என்று ஒரே ஒரு வாக்கியம். மெஷினைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள், என் வேலை போய்விடும் என்று பயந்தேன். "பாத்துட்டுச் சொல்றேம்மா" என்றேன். இப்போது நினைத்தாலும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. மத்தியானமே அவளை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

சாயங்காலம் உட்கார்ந்து, படிக்க மட்டும் திறப்பவர்களுக்கான பூட்டை எடுத்தேன். எழுதுபவருக்கு எழுதுகிற அந்த நொடிக்கு மட்டும் பூட்டு இருந்தால் போதும். ஏழெட்டு வரிதான் மாற்ற வேண்டியிருந்தது.

மறுநாள் நாலாவது திரையில் வேறொரு ஆள் பட்டியலைத் திறந்து வைத்திருந்தான். மற்ற மூன்றும் நிற்காமல் ஓடின. முதலாளி எனக்குக் காப்பி வரவழைத்தார்.

"பாத்தீகளா தம்பி, அந்தப் புள்ள போனதும் எல்லாம் எம்புட்டு வெரசா ஓடுது."

நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.